வெள்ளக்கரமும் வீட்டு வரியும்: தவறான பில்லை எதிர்த்துக் கேட்பது எப்படி?

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், தத்தமங்கலம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் வெள்ளக்கர பில்லோ, அதாவது தண்ணீர் பில்லோ, வீட்டு வரித் தாளோ வந்துவிட்டால், முதலில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை இரண்டே விஷயம் படித்துச் சொல்லும்: எவ்வளவு கட்டணும், எந்தத் தேதிக்குள் கட்டணும். தொகை கூடியிருந்தால் வீட்டில் கொஞ்ச நேரம் புலம்பல் நடக்கும். அப்புறம் அக்‌ஷயா என்னும் அரசு இணையச் சேவை மையத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வருவார்கள்.

இப்படிக் கட்டிவிட்டு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்காகப் பல வருடம் இந்தத் தாள்களைப் படித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. “பில் ரொம்ப ஜாஸ்தி சார்” என்று சொல்பவருக்குப் பதில் கிடைப்பதில்லை. “இந்த ரீடிங் தப்பு, இதுதான் சரியான எண்” என்று சொல்பவருக்குக் கிடைக்கிறது. அதனால் இதில் பாதிக்கு மேல் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யவேண்டிய வேலைதான்.

முதலில்: பில் யாருடையது?

ஒரே வீட்டுக்கு மூன்று இடத்திலிருந்து தாள் வரும். தண்ணீர் பில் கேரள வாட்டர் அதாரிட்டியுடையது. அது 1984 முதல் இருக்கும் மாநில அமைப்பு. நகராட்சி ஆபீசில் போய் வெள்ளக்கரத்தைப் பற்றிக் கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டு வரி, அதாவது ‘கெட்டிட நிகுதி’, நகராட்சிக்குப் போவது. கொழிஞ்சாம்பாறை போன்ற இடமென்றால் பஞ்சாயத்துக்கு. மூன்றாவது, பிளாஸ்டிக் குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனையின் மாதக் கட்டணம். வாங்குவது சேனையின் பெண்கள் என்றாலும் பொறுப்பு உள்ளாட்சிக்குத்தான். தவறான வாசலில் நின்று ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் உண்டு.

தாளில் உள்ள சொற்கள்

மலையாளம் பேச்சில் நமக்குப் பழக்கம்தான். எழுத்தில் வரும்போது சில சொற்கள் ஏமாற்றும். ‘பிழ’ என்று இருந்தால் அது நம் பிழை இல்லை, அபராதம். ‘பலிச’ என்றால் வட்டி. ‘குடிசிக’ என்றால் பழைய பாக்கி. ‘ஆகெ’ என்றால் மொத்தம். ‘அவசான தீயதி’ கடைசி நாள். ‘பராதி’ என்றால் புகார், ‘அபேக்‌ஷ’ என்றால் விண்ணப்பம். இதில் குடிசிக, பிழ, பலிச என்ற மூன்று வரிகளையும் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். பல நேரம் இந்த முறைக்கான கட்டணம் சரியாகவே இருக்கும். சண்டை பழைய பாக்கியில்தான் இருக்கும். அப்படியானால் தேடவேண்டியது மீட்டரை இல்லை, பழைய ரசீதை.

தண்ணீர் பில்: மீட்டர் முன்னால் உட்காருங்கள்

பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டியைத் திறங்கள். பில்லில் உள்ள மீட்டர் நம்பரும் பெட்டியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே காம்பவுண்டில் அண்ணன் தம்பி இரண்டு வீடு இருந்தால் மீட்டர் மாறிப்போவது நடக்கக்கூடியதுதான்.

அடுத்தது ரீடிங். மீட்டரில் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும், சிவப்பு எண்கள் லிட்டரை. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர், அதாவது ஒரு கிலோலிட்டர். பில்லில் யூனிட் என்று வருவது இதுதான். இன்றைக்கு உள்ள கறுப்பு எண், பில்லில் எழுதிய எண்ணைவிடக் குறைவாக இருந்தால் வேலை முடிந்தது. மீட்டர் பின்னால் ஓடாது, எனவே எழுதிய எண் தப்பு. தேதியும் நேரமும் தெரியும்படி போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் சரியாக இருந்தால் கசிவைப் பாருங்கள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு எல்லாக் குழாயையும் மூடிவிட்டுச் சிவப்பு எண்ணைக் குறித்துவையுங்கள். விடியற்காலையில் யாரும் தண்ணீர் தொடுவதற்கு முன் திரும்பப் பாருங்கள். மேல்தொட்டி மிதவை வால்வுக்கு முன்னால் இருக்கும் குழாயையும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி நிறைவதைக் கசிவு என்று நினைத்துவிடுவோம். எண் நகர்ந்திருந்தால் உங்கள் வீட்டுக்குள் எங்கோ போகிறது. மேல்தொட்டித் தண்ணீரில் ஓடும் ஃபிளஷ் கசிவு இந்தச் சோதனையில் தெரியாது, அதனால் எண் நகராவிட்டாலும் கக்கூஸ் ஃபிளஷ் தொட்டியில் நாலு சொட்டு துணி நீலம் விட்டுக் காத்திருங்கள். ஃபிளஷ் பண்ணாமலே கீழே நீலம் இறங்கினால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் வரும். ஒரு தடவை 53 வந்தது. 350 ரூபாய் வரும் இடத்தில் 1,055. நானும் முதலில் மீட்டரைத்தான் திட்டினேன். நீலம் விட்டுப் பார்த்தபோது ஃபிளஷ் தொட்டியின் ரப்பர் நைந்திருந்தது. கூடுதலாகப் போன 29 யூனிட்டை 60 நாளுக்குப் பங்கிட்டுப் பார்த்தால் மணிக்கு 20 லிட்டர்தான். சத்தமே கேட்காது, ஆனால் இரவு பகல் நிற்காது. அந்த பில்லை நான் மறுபேச்சில்லாமல் கட்டினேன்.

கசிவு இல்லை என்றால் மீட்டரைச் சோதியுங்கள். மீட்டரை அடுத்துள்ள முதல் குழாயில் 20 லிட்டர் வாளியால் ஐந்து தடவை நிறையப் பிடியுங்கள். மீட்டர் 100 லிட்டருக்குப் பக்கத்தில் நகர்ந்திருக்க வேண்டும். 130, 140 என்று ஓடியிருந்தால் மீட்டரைச் சோதிக்கக் கோரி எழுதிக் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருக்களில், தண்ணீருக்கு முன்னால் வரும் காற்று மீட்டரைச் சுற்றிவிடும். உங்கள் தெரு அப்படியென்றால் தண்ணீர் வந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள், மனுவில் சேர்க்க உதவும்.

இன்னொன்று. போன மாதத்து பில்லோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். போன வருடம் இதே மாதத்து பில்லை எடுங்கள். நம் பக்கம் மார்ச், ஏப்ரலில் அடிக்கும் வெயிலுக்குக் கிணறு கீழே போய்விடும், மோட்டார் தண்ணீர் நின்று எல்லாமே மீட்டர் வழியாக வரத் தொடங்கும். அந்த பில் கூடத்தான் செய்யும்.

கணக்கு: இங்கேதான் பணம் ஒளிந்திருக்கிறது

வீட்டு இணைப்புக்கு 2023 பிப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை வைத்து எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்கிறேன். மாதத்துக்கு 5 யூனிட் வரை குறைந்தபட்சம் 72 ரூபாய் 5 காசு. 10 யூனிட் வரை யூனிட்டுக்கு 14.41. 10-க்கு மேல் 15 வரை, முதல் பத்துக்கு 144.10, மிச்சத்துக்கு யூனிட்டுக்கு 15.51. இதுவரை படிப்படியாகப் போகும். 15-ஐத் தாண்டியதும் முறை மாறுகிறது. 15 முதல் 20 வரை என்றால் முழு அளவுக்கும் யூனிட்டுக்கு 16.62. 20 முதல் 25 வரை 17.72. 25 முதல் 30 வரை 19.92. 30 முதல் 40 வரை 23.23. 40 முதல் 50 வரை 25.44. ஐம்பதுக்கு மேல் 1,272 ரூபாயும் கூடுதல் யூனிட் ஒவ்வொன்றுக்கும் 54.10-ம்.

முழு அளவுக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். மாதம் 15 யூனிட் என்றால் 221.65 வரும். 16 யூனிட் என்றால் 265.92. ஒரே யூனிட்டில் 44 ரூபாய் ஏறிவிடுகிறது. அதனால் ரீடிங்கில் சின்னத் தவறு நடந்தாலும் தொகையில் பெரிய வித்தியாசம் வரும்.

இதில் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கும். மீட்டர் பார்க்க வந்தவர் ‘டோர் லாக்’ என்று எழுதிக் குறைந்தபட்சக் கட்டணம் போட்டுவிட்டுப் போவார். இரண்டு பில் இப்படிப் போகும். மூன்றாவது தடவை மீட்டரைப் பார்க்கும்போது ஆறு மாதத் தண்ணீரும் இரண்டு மாதக் கணக்கில் ஏறும். ஓர் உதாரணம்: பழைய ரீடிங் 412, புதியது 484. 72 யூனிட். இரண்டு மாதம் என்று போட்டால் மாதம் 36, யூனிட்டுக்கு 23.23, மொத்தம் 1,672.56. உண்மையில் அது ஆறு மாதத் தண்ணீர். மாதம் 12 யூனிட்தான், மாதத்துக்கு 175.12, ஆறு மாதத்துக்கு 1,050.72. அதில் ஏற்கனவே கட்டிய இரண்டு குறைந்தபட்ச பில் 288.20-ஐக் கழித்தால் கட்டவேண்டியது 762.52. வித்தியாசம் 910 ரூபாய். இந்தக் கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் போட்டு, பழைய இரண்டு பில்லையும் பின் பண்ணி, “ரீடிங் தேதிகளுக்கு இடைப்பட்ட மாதங்களுக்குப் பங்கிட்டு பில்லைத் திருத்தித் தாருங்கள்” என்று கேளுங்கள். நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. நிஜமாகச் செலவான மாதங்களில் கணக்கைப் போடச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

நிலத்துக்கு அடியில் போகும் குழாயில் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்திருந்தால் ‘லீக் பெனிஃபிட்’ என்று ஒரு குறைப்பு கேட்கலாம். குழாயைச் சரிசெய்த பிறகு கேட்பது நல்லது. பிளம்பர் கொடுத்த ரசீது, தோண்டிய இடத்தின் போட்டோ இரண்டையும் வைத்திருங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை இலவசம். ஆனால் வருடா வருடம் விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டுப் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. உங்கள் ரேஷன் கார்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

வீட்டு வரி

இங்கே கேட்கவேண்டிய கேள்வி, உங்கள் வீட்டைப் பற்றி அவர்கள் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். தரைப்பரப்பைச் சதுர மீட்டரில் வைத்து, வீடு இருக்கும் வட்டாரம், ரோடு வசதி, கட்டடத்தின் வயது, கூரை, தரை என்று பார்த்துக் கூட்டிக் கழிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. டேப் வைத்து நீங்களே அளந்து ஒப்பிடுங்கள். திண்ணையில் தையல் மிஷின் போட்டதற்காக முழு வீடும் கடை என்று எழுதியிருக்கிறதா, ஓட்டு வீடு கான்கிரீட் என்று போயிருக்கிறதா, கட்டடத்தின் வயது சரியா என்று பாருங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல், சொந்தமாகக் குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையான வீட்டுக்கு வரி இல்லை. அதாவது ஏறக்குறைய 646 சதுர அடி. தோட்ட வேலை, தறி வேலை செய்து கட்டிய எத்தனையோ சின்ன வீடுகள் இதில் அடங்கும். விண்ணப்பம் கொடுத்தீர்களா? அதே வருடம் முதல் வரி ஆண்டுக்கு 5 சதவீதம் கூடுகிறது. அந்த அளவுக்குக் கூடியிருந்தால் கேட்க ஒன்றும் இல்லை. அதைத் தாண்டியிருந்தால் காரணம் கேளுங்கள். வரியோடு 5 சதவீதம் நூலக வரியும் சேர்ந்து வரும், அது சட்டப்படியானது.

கட்டின வரியே பாக்கி என்று வந்தால் பழைய ரசீதுதான் துணை. கேரள நகராட்சிகள் 2024 ஜனவரி 1 முதல் கே-ஸ்மார்ட் என்ற இணையதளத்துக்கு மாறின. கையால் எழுதிய பழைய ரசீது கணினியில் ஏறாமல் இருந்தால் குடிசிக என்று காட்டும். ரசீதின் நகலை மட்டும் கொடுங்கள். அசலை யார் கேட்டாலும் காட்டலாம், கையைவிட்டுக் கொடுக்கக்கூடாது.

குப்பைக் கட்டணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் எழுதிக் கொடுத்து விலக்கு கேட்கலாம். சும்மா கட்டாமல் விட்டால் அது வீட்டு வரிப் பாக்கியோடு சேர்ந்துகொண்டு அபராதத்தோடு வரும். பணம் கொடுத்த ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்குங்கள். வாசலில் ஒட்டிய கியூ.ஆர் ஒட்டு உங்கள் வீட்டு நம்பருக்கு உள்ளதுதானா என்றும் பாருங்கள். வீட்டுக்கு வரும் பெண்களோடு மட்டும் சண்டை போடாதீர்கள். அவர்கள் வெயிலில் மூட்டை சுமப்பவர்கள், கணக்கை முடிவு செய்பவர்கள் இல்லை.

மனு: தமிழிலேயே எழுதலாம்

நம் ஆட்கள் மனு கொடுக்கத் தயங்குவதற்குப் பெரிய காரணம் மொழி. இந்திய அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, குறையைச் சொல்லும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அதிகம் வாழும் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்கு அவரவர் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியில் பெறலாம் என்று சொல்கிறது. மலையாளத்தில் எழுத முடிந்தால் வேலை சீக்கிரம் நடக்கும், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் மனுவோடு பிள்ளையை விட்டு மலையாளத்தில் நாலு வரி எழுதி வைப்பது என் வழக்கம்.

தண்ணீருக்கு வாட்டர் அதாரிட்டி சப் டிவிஷன் உதவி நிர்வாகப் பொறியாளருக்கு எழுதுங்கள். வரிக்கு நகராட்சிச் செயலாளருக்கு. மனு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. இப்படி:

“ஐயா, என் நுகர்வோர் எண் இது. இந்தத் தேதியிட்ட பில்லில் ரீடிங் 484 என்று உள்ளது. முந்தைய இரண்டு பில்லிலும் வீடு பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்கவில்லை. 412 முதல் 484 வரையான 72 யூனிட் ஆறு மாதத்துக்கு உரியது. என் கணக்குப்படி கட்டவேண்டியது 762.52 ரூபாய். கணக்கும் பில் நகல்களும் மீட்டர் போட்டோவும் இணைத்துள்ளேன். பில்லைத் திருத்தித் தரவும், திருத்தும் வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்கவும், முடிவை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.”

உங்கள் சங்கடம், குடும்பக் கஷ்டம் எல்லாம் உண்மைதான், ஆனால் இந்தத் தாளில் அவை வேண்டாம். எண்கள் பேசட்டும். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக “பார்த்துக்கலாம் சேச்சி” என்று சொன்னால், புன்னகையோடு முத்திரையைக் கேளுங்கள். தண்ணீர்ப் புகாரை 1916-க்கும் போன் பண்ணிப் பதிந்து, தரும் எண்ணை மனு நகலில் எழுதிவையுங்கள். நகராட்சிப் புகாரைக் கே-ஸ்மார்ட் வழியாகவும் போடலாம்.

அதுவரை பணம் கட்டுவதா?

கட்டாமலே இருப்பது ஆபத்து. இணைப்பைத் துண்டித்தால் திரும்பக் கொடுப்பதற்குத் தனிச் செலவு. உங்கள் கணக்கில் வரும் தொகையை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். மறுத்தால் முழுத்தொகையையும் கட்டி, “ஆட்சேபணையோடு கட்டுகிறேன், திருத்தினால் அடுத்த பில்லில் கழிக்கவும்” என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். தொகை பெரிதென்றால் தவணை கேட்பதில் வெட்கம் இல்லை.

பதில் வராவிட்டால்

முப்பது நாள் பார்த்துவிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள், மீட்டர் ரீடிங் பதிவேட்டின் நகல் என்று இரண்டு மட்டும் கேட்டால் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பதிவேட்டைத் தேடி எடுக்கும்போதே பல பில்கள் திருத்தப்பட்டுவிடுகின்றன. வாட்டர் அதாரிட்டி அவ்வப்போது நடத்தும் ரெவின்யூ அதாலத்தும், அதாவது பாக்கியைப் பேசித் தீர்க்கும் முகாமும், பழைய பாக்கித் தகராறுகளுக்கு நல்ல இடம்.

அதற்கு மேல் வழி இரண்டாகப் பிரிகிறது. தண்ணீர் காசு கொடுத்து வாங்கும் சேவை. அதனால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையான விஷயத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வீட்டு வரி சேவைக் கட்டணம் இல்லை, வரி. அதை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோனால் நிற்காது. அதற்கு முதலில் நகராட்சிக்குள்ளேயே மேல்முறையீடு, அப்புறம் திருவனந்தபுரத்தில் உள்ள உள்ளாட்சித் தீர்ப்பாயம். நோட்டீஸில் எழுதிய கெடுவை முதல் நாளே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி உண்டு. 15100-க்கு போன் செய்தால் எங்கே போகவேண்டும் என்று சொல்வார்கள்.

கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமும் வீடு வைத்திருப்பவர்கள் இந்த விதிகளை அங்கே கொண்டுபோகாதீர்கள். தமிழ்நாட்டு நகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. வரி தப்பென்றால் ஆணையரிடம் மனு, அப்புறம் நகர்மன்றத்தின் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. முதலமைச்சர் உதவி மையத்தின் எண் 1100.

திருத்திய பில் கைக்கு வந்ததும் விட்டுவிடாதீர்கள். அடுத்து வரும் இரண்டு பில்லிலும் குடிசிக என்ற வரியைப் பாருங்கள். கழித்த தொகை அங்கே திரும்ப எட்டிப் பார்த்தால், முத்திரை போட்ட நகலையும் திருத்திய பில்லையும் எடுத்துக்கொண்டு அதே மேசைக்குப் போங்கள். இந்தத் தடவை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.